எண்பத்தேழு மடங்கு

பச்சகுப்பம் பாலத்தைத் தாண்டி, ஆம்பூரில் நிற்காமல் ஓடி, விண்ணமங்கலம் வளைவில் திரும்பிய சரக்கு வண்டி, போக வேண்டிய பாதையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பாதையில் ஏறி, நேராகப் பலகையின் ஓரத்துக்குப் போய், மூன்றரை அடி உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் தலைகுப்புற விழுந்தது. முதலில் எஞ்சின், அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பெட்டிகள். பொம்மை ரயில்தான். எஞ்சின் ஒரு சாண் நீளம்கூடத் தேறாது. ஆனால் அதை நான் பித்தளைத் தகட்டில் வெட்டி, ராவி, பற்றவைத்து, மூன்று வருடம் உட்கார்ந்து செய்திருந்தேன். கொதிகலனுக்குள் ஈயம் காய்ச்சி ஊற்றியிருந்ததால் விழுந்தபோது எழுந்த சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் ரஷீத் அஹமது பாய். முப்பத்தாறு வருடப் பழக்கம் எங்களுடையது. "பாய், வாங்க, போங்க" என்பதைத் தவிர வேறு மாதிரி நான் அவரிடம் பேசியதே கிடையாது. அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குய்யா வண்டி? கீழ போய் மூலைல உக்காந்து ரேடியோ கேளு!"

அவர் கையிலிருந்த கன்ட்ரோலரை மேஜையின் விளிம்பைத் தடவிப் பார்த்து, விழாத இடமாக வைத்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே கதவு வரைக்கும் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாக இறங்கிப் போனது எனக்குக் கேட்டது. நான் தரையில் மண்டியிட்டு எஞ்சினின் நசுங்கிய புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த ரயில் ஓடுவது அவர் வீட்டு மாடியில். ஆம்பூரில், ஒரு காலத்தில் தோல் சாம்பிள்கள் அடுக்கி வைத்திருந்த நீளமான அறை. வெயில் ஏறினால் இன்றைக்கும் சுவரிலிருந்து தோல் வாசனை வரும். பாய் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிறவராக இருந்து, பிறகு சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்வருகிறவரானார். எண்பத்தெட்டில் அப்படிப் போனபோது தன் அக்கா பையன் வக்கார் அகமதுவுக்காக ஒரு ரயில் செட் வாங்கி வந்தார். நம் ஊரின் ஏறி இறங்குகிற கரண்டில் சொருகியதும் டிரான்ஸ்பார்மர் புகைந்தது. நான் அப்போது பக்கத்து ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மதியச் சாப்பாட்டு வேளையில் அதைப் பிரித்துச் சரிபண்ணி, சாப்பாட்டு மேஜையிலேயே ஓடவிட்டுப் பார்த்தோம். மறுநாளும் பார்த்தோம். அந்தப் பையனுக்கு அந்த ரயில் கடைசிவரை போய்ச் சேரவில்லை. அவனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது, சென்னையில் ஷூ ஏற்றுமதி செய்கிறான். கல்யாணம் காட்சியில் என்னைப் பார்த்தால், "மாமா, என் ரயிலு எப்ப தருவீங்க?" என்று இன்னும் கேட்கிறான்.

ஐந்து வருடம் வட்டமாக ஓட்டி அலுத்த பிறகு நம்முடைய பாதையையே கட்டினால் என்ன என்று பாய்தான் ஆரம்பித்தார். பச்சகுப்பத்திலிருந்து வாணியம்பாடி வரைக்கும், தூரத்தைத் தவிர எல்லாமே நிஜத்தைவிட எண்பத்தேழு மடங்கு சின்னதாக. வெளிநாட்டில் இந்தச் சரக்கெல்லாம் அந்தக் கணக்கில்தான் செய்கிறார்கள். தச்சு வேலையும் எஞ்சின் வேலையும் வயரிங்கும் என்னுடையவை. ஓட்டுவது பாய். பதினைந்து வருடம் கழித்து ஹெலன் டீச்சர் வந்து சேர்ந்தார். வாணியம்பாடிப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மலை, மரம், ஆறு, ஸ்டேஷன் போர்டு எல்லாம் அவர் கைவேலை. பாலாற்றில் கண்ணாடி மாதிரி உறைகிற ரெசின் ஊற்றித் தண்ணீர் விட்டவர் அவர்தான். எங்கள் பலகையில் பாலாறு பன்னிரண்டு மாதமும் ஓடும்.

என் வயரிங்கைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டி ஓட்ட வேண்டுமானால், பழைய முறையில் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகக் கரண்ட் கொடுத்து, தனித்தனிச் சுவிட்ச் வைக்க வேண்டும். எங்களிடம் பதினாலு துண்டு. பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு வயர், நிறம் நிறமாக, ஷூ தைக்கிற மெழுகு நூலால் கட்டியிருப்பேன். ஓட்டுகிறவர் வண்டிக்கு முன்னால் சுவிட்சுகளைப் போட்டுக்கொண்டே போக வேண்டும், பின்னால் அணைத்துக்கொண்டே வர வேண்டும். பாய் அந்தச் சுவிட்சுகளைப் பார்க்கவே மாட்டார். பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, விரல் மட்டும் ஓடும்.

அவருக்குச் சர்க்கரை முப்பது வருடமாக. கண்ணில் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், போன பார்வை திரும்பவில்லை. ஓரங்கள் இருட்டு, நடுவிலும் மங்கல். பெரிய டிவியின் முன்னால் ஒரு முழ தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பெரிய எழுத்தையும் பெரிய முகத்தையும் அடையாளம் கண்டுகொள்வார். அவ்வளவுதான். வண்டியை அந்த மிச்சப் பார்வையில்தான் ஓட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். கண் இவ்வளவு மோசம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

மாசியில் இறங்கிப் போனவர் ஆடி வரைக்கும் மாடி ஏறவில்லை. நான் மட்டும் வெளிப்படி வழியாக ஏறிப் போவேன். அது அவர் வீடு, அவர் அறை, ஆனால் அவர் கீழே, நான் மேலே. அவர் மனைவி ரஃபத் ஜஹான் பாபி வழக்கம்போல நான்கு மணிக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். முன்பு தட்டில் இரண்டு கப் இருக்கும், இப்போது ஒன்று. பாபி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். என் மனைவி சுந்தரி, "போய் ஒரு மன்னிப்பு கேட்டா கிரீடம் எறங்கிடுமா?" என்று தினமும் கேட்டாள். இறங்கிப் போவேன். கீழ்வீட்டுக் கதவு வரைக்கும் போய், உள்ளே டிவி சத்தத்தைக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஹெலன் டீச்சர் ஒரு நாள் செல்போனை நீட்டினார்.

"ஆதி சார், கோச்சுக்காம இத மட்டும் பாருங்க."

எங்கோ வெளிநாட்டில் ஒரு கிழவர். அவர் பலகையில் நாலு வண்டிகள். தண்டவாளம் முழுக்க ஒரே கரண்டாம். துண்டும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் நகத்தளவு ஒரு சிப், அதற்கு ஒரு எண். எந்த எண்ணைக் கூப்பிடுகிறோமோ அந்த எஞ்சின் மட்டும் நகரும் என்றார் டீச்சர்.

"அப்ப என் வயரு?"

"ரெண்டு வயரு போதும் சார்."

"இருநூத்திப் பன்னெண்டு வயரு கட்டினவன்கிட்ட வந்து ரெண்டு வயரு போதும்ன்றீங்க. நல்லா இருக்குது டீச்சர். கம்பியப் பாத்தா கரண்டு எங்க போவுதுன்னு தெரியணும். இது இன்னா, தண்டவாளத்துக்குள்ள பேசிக்குதா?"

"பேசிக்குது சார், நெசமாவே" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அது இல்ல விஷயம். வண்டி முன்னால ஒரு சின்ன கேமரா வெக்கலாம். எஞ்சின்ல ஒக்காந்து பாக்கற மாதிரி டிவில தெரியும். பாய் டிவி பாக்கறாரு இல்ல?"

நான் செல்போனைத் திருப்பிக் கொடுத்தேன். நாங்கள் எண்பத்தேழு மடங்கு சின்னதாகச் செய்ததை அந்தக் கேமரா எண்பத்தேழு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? முப்பத்தாறு வருடம் மெஷின்களோடு குடும்பம் நடத்தியவனுக்குத் தோன்றாதது ஒரு டீச்சருக்குத் தோன்றியதே என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெங்களூரிலிருந்து கூரியரில் நாலு சிப், கையில் பிடிக்கிற கன்ட்ரோலர் ஒன்று, கட்டைவிரல் அகலத்தில் ஒரு கேமரா வந்தன. புத்தகத்தைப் படித்து டீச்சர் சொல்லச் சொல்ல, என் பதினாலு சுவிட்சுகளையும் ஒரே நிலையில் போட்டு வைத்துவிட்டு, இரண்டு டீசல் எஞ்சின்களில் சிப்பைச் சொருகினேன். அவை ஜெர்மன் பிளாஸ்டிக் எஞ்சின்கள், சிப்புக்கு இடம்விட்டே செய்திருந்தார்கள். இரண்டையும் ஒரே தண்டவாளத்தில், எதிர் எதிராக, பத்தடி தள்ளி வைத்தோம். கன்ட்ரோலரில் டீச்சர் முதல் எண்ணை அழுத்திக் குமிழைத் திருப்பினார். இரண்டு வண்டியும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றையொன்று முட்டப் போயின! நான் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். புதுச் சிப் எல்லாம் கம்பெனியிலிருந்து மூன்று என்ற ஒரே எண்ணோடுதான் வருமாம், நாம்தான் மாற்ற வேண்டுமாம். அது புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது.

மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினோம். ஒரு வண்டி போனது, ஒரு வண்டி நின்றது. நின்றதைக் கூப்பிட்டதும் அது வந்தது, போனது போய்க்கொண்டே இருந்தது. ஆம்பூர் ஸ்டேஷனில் ஒன்று பக்கத்து லூப் பாதையில் ஒதுங்க, மற்றது விளக்கைப் போட்டுக்கொண்டு அதைத் தாண்டிப் போனது. ஒரே கம்பியில், ஒரே கரண்டில், ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. கரண்ட் என்றால் திறந்துவிட்ட குழாய்த் தண்ணீர் மாதிரி, வழி இருக்கிற பக்கமெல்லாம் ஓடும் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். அதற்கு இப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும் என்று யார் நினைத்தது? அறுபத்தெட்டு வயதில்தான் இதை நான் பார்க்க வேண்டுமா என்று இருந்தது. டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கர்த்தரே" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் பாய் ஓட்டுவதென்றால் அந்தப் பித்தளை எஞ்சின்தான். கனமான வண்டி, ஊர்ந்து போகச் சொன்னால் ஊர்ந்து போகும். கேமரா வைத்த ஒரு தட்டு வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போக அதுதான் லாயக்கு. நசுங்கிய புகைபோக்கியை நிமிர்த்தினேன். கொதிகலனைக் கழற்றி மூன்றாவது சிப்பை வைத்துப் பற்றவைத்தேன். தண்டவாளத்தில் வைத்தேன். ஒரு வினாடி. சுர்ரென்று ஒரு நூல் புகை, அழுகிய மீன் மாதிரி ஒரு நாற்றம், அதோடு முடிந்தது.

எனக்கு உடனே புரிந்தது. பழைய முறையில் எஞ்சினின் உடம்பையே ஒரு வயராக வைத்துக்கொள்வோம். மோட்டாரின் ஒரு முனை நேராக உடம்பில் உட்கார்ந்திருக்கும். சிப் வைத்தால் மோட்டார் உடம்பைத் தொடவே கூடாது. டீச்சர் புத்தகத்தில் அதைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, என்னிடம் இரண்டு தடவை படித்தும் காட்டியிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே, முப்பது வருடக் கைப்பழக்கத்தில், பழையபடியே திருகாணியை முடுக்கியிருந்தேன். இனி மிச்சம் ஒரே ஒரு சிப். மோட்டாருக்கும் உடம்புக்கும் நடுவில் மெல்லிசாக, அழுத்தினால் நசுங்காத, கரண்ட் போகாத ஏதாவது வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் வைத்துப் பார்த்தேன், சூட்டில் சுருங்கியது. அட்டை வைத்தேன், தடிமன் ஜாஸ்தி, பல்சக்கரம் ஒன்றோடொன்று சேரவில்லை. லைனிங் தோல் வைத்தால் சரியாக உட்காரும் என்று என் கைக்குத் தெரிந்தது. ஷூவுக்குள் பாதம் படுகிற இடத்தில் ஒட்டுகிற ஆட்டுத்தோல். அந்த ஊரிலேயே நல்ல லைனிங் தோல் யாரிடம் இருக்கும் என்பதும் தெரிந்தது.

எஞ்சினைத் துண்டில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். இந்தத் தடவை கதவைத் தட்டினேன். பாபி திறந்து வழிவிட்டார். பாய் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

"இன்னா ஆதி, கால் வலியா? எடது கால இழுக்கறே."

"மூட்டு பாய். மழ வர்ற மாதிரி இருக்குது இல்ல." மன்னிப்பைக் கேட்க வேண்டிய வாய் தோலைக் கேட்டது. "லைனிங் தோலு கொஞ்சம் வேணும். மெல்லிசா."

சாம்பிள் டிரங்கைக் கொண்டுவரச் சொன்னார். மடியில் தோல் துண்டுகளைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக வைத்து உருட்டினார். "இது பாயிண்ட் ஆறு எம்.எம். இது பாயிண்ட் அஞ்சு, ஆனா எண்ண இருக்குது, வேணாம். இந்தா, பாயிண்ட் நாலு. நல்லா காஞ்சது." நான் பையிலிருந்த, தடிமன் அளக்கிற கேஜை எடுத்து, அவருக்குத் தெரியாமல் அளந்தேன். பாயிண்ட் நாலு. நூலிழை வித்தியாசமில்லை. கடையில் வாங்குகிற எந்தக் கருவியும் அந்த விரலுக்குப் பக்கத்தில் வராது.

"வண்டிய குடு பாக்கலாம்" என்றார்.

கொடுத்தேன். அவர் விரல் கொதிகலன் மேல் போய், புகைபோக்கியில் நின்றது. நான் நிமிர்த்தியிருந்தாலும் ஒரு சுருக்கம் இருந்தது. அதையே தடவிக்கொண்டிருந்தார்.

"ஆதி, ஒன்னு கேக்கணும்னே இருந்தேன். விண்ணமங்கலத்துல ஜாயின்ட்டுங்க எங்கப்பா போச்சு?"

"எந்த ஜாயின்ட்டு?"

"தண்டவாள ஜாயின்ட்டு. ஆம்பூர் தாண்டினா பதினோரு டக்கு சத்தம் வரும். பதினொன்னாவது டக்குல நான் பாதைய மாத்துவேன். அன்னைக்கி பதினொன்னு எண்ணிட்டுத்தான் மாத்தினேன். ஆனா வண்டி அதுக்கு முன்னாலயே தாண்டிடுச்சு. நாலு டக்கு காணோம்."

பாபி சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார். "ரெண்டு வருஷமா சத்தத்த வெச்சுதான் ஓட்டினாரு அண்ணே. உங்க ரெண்டு பேருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

இரண்டு வருடம்! பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, ஒரு தடவைகூடத் தவறாமல், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி ஓட்டியிருக்கிறார். நாங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு அதைக் கவனிக்கவில்லை. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எஞ்சின் விழுவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் அந்த வளைவில் வேலை செய்திருந்தேன். ஜாயின்ட்டில் வண்டி தத்துகிறது, சத்தம் பேஜாராக இருக்கிறது என்று, சரியாக நாலு ஜாயின்ட்டைப் பற்றவைத்து அரம் போட்டு வழவழப்பாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பாதையைப் பக்கத்து ஊர் வரை நீட்ட வேண்டும் என்று பலகையின் ஓரத்துத் தடுப்பைக் கழற்றி வைத்தவனும் நான்தான்.

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"நான்தான் பாய் பத்த வெச்சேன். நாலு ஜாயின்ட்டும். உங்ககிட்ட சொல்லல. தப்பு மொத்தமும் என்னுது. வாயில வந்தத வேற பேசிட்டேன். என்ன செருப்பாலயே அடிங்க பாய்."

அவர் என்னைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. முகம் மட்டும் மெல்ல மலர்ந்தது.

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்குதா?"

"இன்னா பாய்?"

"காதும் போய்டுச்சுன்னு நெனச்சேன்டா. அஞ்சு மாசமா. கண்ணு போனப்ப சரி, காது இருக்குதுன்னு இருந்தேன். அன்னைக்கி எண்ணிக்க தப்பினதும், முடிஞ்சிது, இனிமே ஒன்னுமில்லன்னு கீழ வந்துட்டேன். நீ திட்டினது எனக்கு ஞாபகம்கூட இல்ல." கடைசியில் சொன்னது பொய். அவர் பொய் சொன்னால் மீசை ஓரம் துடிக்கும், எனக்குத் தெரியும். அதற்காகவும் சேர்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேலே வாங்க என்று கூப்பிட்டேன். வண்டி ரெடியாகட்டும் என்றார். டிவியையும் மேலே கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் சொன்னேன், எதற்கென்று சொல்லவில்லை.

ஆட்டுத்தோலை மோட்டார் அடியில் வைத்து, உலோகத் திருகாணிக்குப் பதிலாக நைலான் திருகாணி போட்டேன். மீட்டரை வைத்து ஏழு தடவை பார்த்தேன். முள் அசையவில்லை. டீச்சர் எட்டாவது தடவையும் பார்க்கச் சொன்னார். பிறகு கடைசிச் சிப்பைப் பற்றவைத்தேன். கன்ட்ரோலரில் நிறுத்தும் பொத்தான் மேலும் திசை மாற்றும் பொத்தான் மேலும் தோலில் சின்ன வட்டம் வெட்டி ஒட்டினேன், ஒன்று சொரசொரப்பு, ஒன்று வழவழப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் மாடி ஏறி வந்தார். டிவிக்கு ஒரு முழ தூரத்தில் நாற்காலி. கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். பொத்தான்களைத் தடவிப் பார்த்தார். "சுவிட்செல்லாம்?" என்றார். "ஒன்னும் கெடையாது பாய். நீங்க ஓட்டுங்க, பாதைய நான் பாத்துக்கறேன்." டீச்சர் கேமராவை உயிர்ப்பித்தார்.

டிவியில் எங்கள் பச்சகுப்பம் வந்தது. முப்பத்தோரு வருடமாக நான் அந்த ஊரை மேலேயிருந்து பார்த்தவன். தூசி தட்டியிருக்கிறேன், வீட்டைப் பெயர்த்து வைத்திருக்கிறேன், ஒரு நாளும் அதற்குள் போனதில்லை. இப்போது நான் அந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். தண்டவாளம் இரண்டும் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் போகிறது. டீச்சர் ஸ்பாஞ்சில் செய்த புளியமரம் வானத்தை மறைக்கிறது. மரத்துக்கடியில் கட்டைவிரல் நகமளவு செய்து வைத்த ஒரு பெண், இடுப்பில் குடத்தோடு, நிஜமான ஆள் உயரத்துக்கு நின்று எங்களையே பார்க்கிறாள்.

பாய் குமிழைத் தொடவே இல்லை. டிவிக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"ப... ச்... ச..." என்றார். "பச்சகுப்பம். டீச்சர், நீங்க எழுதின போர்டா அது? நான் படிச்சிட்டேன்!"

ஒற்றை முடி வைத்த பிரஷ்ஷால் எழுதிய போர்டு அது. எங்களுக்கே பூதக்கண்ணாடி வேண்டும். டீச்சர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வண்டி புறப்பட்டது. பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் பாலாறு பளபளத்தது, பாய் "யா அல்லா" என்றார். ரோட்டு மேம்பாலத்துக்குக் கீழே ஒரு நொடி இருட்டு, பிறகு வெளிச்சம். தோல் ஷெட்டின் கொடிகளில் லைனிங் துண்டுகளைக் காயப்போட்டிருந்தோம், அவை தலைக்கு மேல் தொங்கின. ஆம்பூர் பிளாட்பாரத்தில் நிறுத்தினார், ஒரு நிமிடம் நிஜமாகவே ஆள் ஏறுவதற்குக் காத்திருப்பவரைப் போல இருந்துவிட்டு எடுத்தார். விண்ணமங்கலம் வளைவில் அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நான் பாதையை மாற்றினேன். வண்டி வாணியம்பாடிப் பக்கம் திரும்பியது.

வாணியம்பாடிக் கடைசியில் ஒரு ஜாயின்ட் கொஞ்சம் தூக்கியிருக்கும். கனமான வண்டி அதில் ஏறுமா என்று சக்கரத்தைக் கிட்டே பார்க்க வேண்டும் என்று, நான் ஓடிப்போய் அந்த முனையில் மண்டியிட்டு, தாடையைப் பலகையில் வைத்து, தண்டவாள மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்க் காத்திருந்தேன். முப்பது வருடமாக அப்படித்தான் பார்ப்பேன். எஞ்சின் விளக்கு வளைவில் தெரிந்தது. வந்தது. முன்னால் வந்த கேமராவுக்கும் எனக்கும் நாலு விரல் இடம் இருக்கும்போது சட்டென்று நின்றது.

சிப் போய்விட்டதோ என்று பகீரென்றது. அறையின் அந்தக் கோடியிலிருந்து பாயின் குரல் வந்தது.

"யாரு அது? ஆதியா?"

"நான்தான் பாய். ஏன் நின்னுடுச்சு?"

"நான்தான் நிறுத்தினேன்."

டிவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதில் என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பாயின் முகத்தில் அதன் வெளிச்சம் விழுவது மட்டும் தெரிந்தது. ஹெலன் டீச்சர் அவர் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

"புருவமெல்லாம் நரைச்சிப் போச்சேடா உனக்கு" என்றார் பாய். "எப்ப நரைச்சுது?"

எழுந்திருக்கப் பார்த்தேன்.

"நவுராத. அப்டியே இரு. ரெண்டு வருஷம் ஆச்சு, உன் மொகத்த பாத்து."

இருந்தேன். மூட்டு வலித்தது, மூக்கிலிருந்து நீர் வழிந்து பலகையில் சொட்டியது, துடைக்கவில்லை. அங்கே அவர் குமிழை ஒரு மயிரிழை திருப்பியிருக்க வேண்டும். எஞ்சினின் பெரிய சக்கரம் ஒரு பல் நகர்ந்தது, இன்னொரு பல் நகர்ந்தது. விளக்கில் கண் கூசியது. நான் இமைக்காமல், அது என் முகத்துக்குக் கிட்டே ஊர்ந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.